சதுரக் கட்டைகளும் மிக்தாலியாவின் கோபமும்

மிக்தாலியா கோபக்காரி என்பது கமகுவெய் நகரத்தில் எங்கள் தெருவுக்கே தெரிந்த விஷயம். ரொட்டிக்கடை வரிசையில் எவனாவது குறுக்கே நுழைந்தால் முதலில் எழும்புவது அவள் குரல்தான். மின்சாரம் போனால் மற்றவர்கள் விசிறி மட்டையைத் தேடுவார்கள். அவள் வாசலுக்கு வந்து மின்சாரக்காரர்களின் முன்னோர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவாள். ஆனால் அந்தக் கோபமெல்லாம் பால் பொங்குகிற மாதிரி. அடுப்பை அணைத்தால் அடங்கிவிடும். அடங்காமல் நின்ற கோபம் ஒன்றே ஒன்றுதான். அது ஒரு குவிமாடத்தைப் பற்றியது.

கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய குவிமாடமில்லை. கணினிக்குள்ளே, சதுரக் கட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிற விளையாட்டில் கட்டியது. "போயும் போயும் ஒரு விளையாட்டுக்கா இத்தனை?" என்று அவளிடம் கேட்டவர்கள் உண்டு. இரண்டாம் முறை கேட்டவர் யாரும் இல்லை.

அவள் வேலை பல் கட்டுவது. பல் மருத்துவமனையின் பின்பக்க அறையில் மெழுகையும் சுண்ணாம்பு மாவையும் வைத்துக்கொண்டு ஊரிலுள்ள கிழவர் கிழவிகளுக்கெல்லாம் பல்செட் செய்து கொடுப்பாள். பள்ளிக்கூடம் முடித்தபோது கட்டடக்கலை படிக்கத்தான் ஆசைப்பட்டாள். அந்த வருஷம் அந்தப் படிப்புக்கு இடம் வரவில்லை, பல் தொழிலுக்கு வந்தது. "கட்டற படிப்பு வேணும்னு கேட்டேன், குடுத்துட்டாங்க. என்னத்தக் கட்டணும்னு கேக்கத்தான் மறந்துட்டாங்க" என்று அவளே சொல்வாள். சொல்லிவிட்டுச் சிரிக்க மாட்டாள்.

வீடு அவள் அம்மா விட்டுப்போனது. புருஷன் ஒஸ்வானி கணினி பழுது பார்ப்பவன். பதினோரு வருஷம் சேர்ந்து வாழ்ந்துவிட்டு விவாகரத்து வாங்கிக்கொண்டார்கள். எங்கள் ஊரில் விவாகரத்து வாங்குவது சுலபம், வீடு வாங்குவதுதான் குதிரைக்கொம்பு. ஊருக்குள் வேறு போக்கிடம் இல்லாத ஒஸ்வானி அங்கேயே தங்கிவிட்டான். கூடத்தின் நடுவே ஒட்டுப்பலகையால் ஒரு தடுப்பு அடித்தார்கள். தெருவாசல் உள்ள முன்பாதி அவனுக்கு, சமையலறை உள்ள பின்பாதி அவளுக்கு. அவள் பக்கவாட்டுச் சந்து வழியாகப் போய் வருவாள். அவன் தும்மினால் இவளுக்குக் கேட்கும். இவள் சட்டியை வைக்கிற சத்தத்திலேயே இன்று யார்மேல் கோபம் என்று அவனுக்குத் தெரிந்துவிடும்.

வீட்டுக்குள் இணையம் வராத காலம் அது. ஜனங்கள் தாங்களே மொட்டைமாடிக்கு மொட்டைமாடி கம்பி இழுத்து ஒரு தெருவலை பின்னியிருந்தார்கள். விளையாடுவது, அரட்டை அடிப்பது, நாடகத் தொடர்களைக் கைமாற்றிக்கொள்வது எல்லாம் அதில்தான். எங்கள் பேட்டைக்கு அட்மின் ஒஸ்வானி. பேட்டையின் தலைமைக் கணினி அவன் அறையில் இரைந்துகொண்டிருக்கும். மற்றப் பேட்டைகளுக்குப் போகிற கம்பி மிக்தாலியாவின் மாடியில் ஒரு கழியில் கட்டியிருந்தது. நகரத்து அட்மின்கள் சேர்ந்து சட்டம் போட்டிருந்தார்கள்: வலையில் அரசியல் கூடாது, மதம் கூடாது, ஆபாசம் கூடாது. மீறினால் அந்தப் பேட்டையின் இணைப்பு போய்விடும். மேலிடத்துக் கண் பட்டால் மொத்த வலையும் போய்விடும் என்கிற பயம் அவர்களுக்கு.

அந்தக் கட்டை விளையாட்டு அவளுக்கு அறிமுகமானது விவாகரத்துக்கு முன்னால். சோறு ஆறிப்போவதுகூடத் தெரியாமல் இந்த மனுஷன் எதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான் என்று எட்டிப் பார்த்தாள். ஒஸ்வானி வீடு கட்டிக்கொண்டிருந்தான். பெட்டி மாதிரி ஒரு வீடு, பக்கத்தில் இன்னொரு பெட்டி, அதன்மேல் ஒரு பெட்டி.

"எல்லாமே பெட்டியாத்தான் இருக்குமா? உருண்டையா ஒன்னும் கட்ட மாட்டியா?" என்று கேட்டாள்.

"கட்டையே சதுரம். சதுரத்த வெச்சு எப்படிடி உருண்டை கட்டறது? முடியாது. போ, போய்க் காப்பி போடு."

அவன் சொன்னது மூன்று. அதில் முதலாவதும் மூன்றாவதும் அவளுக்குப் பொறுத்துப் போன விஷயங்கள். "முடியாது" என்பதுதான் உள்ளே போய்த் தைத்தது. அன்று காப்பி போடவில்லை. அவன் வேலைக்குப் போன பிறகு அவன் நாற்காலியில் உட்கார்ந்து மவுஸைப் பிடித்தாள்.

வட்டம் சீக்கிரமே வசப்பட்டது. நேராகக் கொஞ்சம் கட்டைகள், பிறகு ஒரு படி உள்ளே தள்ளி மூன்று, பிறகு இரண்டு, ஒன்று, ஒன்று. அங்கிருந்து அதே கணக்கைத் திருப்பிப் போட்டால் கால் வட்டம். நான்கு பக்கமும் அதையே செய்தால் முழு வட்டம். தள்ளி நின்று பார்த்தால் மூலைகள் மறைந்து வளைவு மட்டும் தெரியும். ஆனால் குவிமாடம் வசப்படவில்லை. ஒவ்வொரு வரிசைக்கும் வட்டத்தை ஒரு சுற்றுச் சுருக்கிக்கொண்டே போனாள். முடிவில் வந்தது கூம்பு. கவிழ்த்து வைத்த ஐஸ்கிரீம் மாதிரி இருந்தது. இடித்தாள். மறுபடி கட்டினாள். மறுபடி கூம்பு. அந்த வாரம் மருத்துவமனையில் அவளிடம் யாரும் பேச்சுக் கொடுக்கவில்லை.

அப்படி ஒருநாள் வேலை செய்துகொண்டிருந்தபோது யாரோ ஒரு கிழவரின் மேலண்ணத்து அச்சு கையில் இருந்தது. பழைய அச்சு, தூக்கிப் போட வேண்டியது. அதைத் திருப்பிப் பார்த்தாள். உள்ளே வழவழவென்று ஒரு சின்னக் குவிமாடம். சின்ன ரம்பத்தை எடுத்து அதை ரொட்டி அறுப்பதுபோலத் துண்டு துண்டாக அறுத்தாள். துண்டுகளை மேசையில் வரிசையாக வைத்ததும் விஷயம் பளிச்சென்று தெரிந்தது. அடித்துண்டுகள் கிட்டத்தட்ட ஒரே அளவு. சுவர் செங்குத்தாகத்தான் எழும்புகிறது. மேலே போகப் போகத்தான் சடசடவென்று சுருங்குகிறது. உச்சி ஏறக்குறையத் தட்டை. சுருக்கத்தை எல்லா வரிசைக்கும் சமமாகப் பங்கு போட்டதுதான் அவள் செய்த தப்பு.

அந்த வாரமே முதல் குவிமாடம் எழும்பியது, கோழிக்கூடு அளவில். ஒஸ்வானி பார்த்துவிட்டு, "பரவாயில்ல" என்றான். அவ்வளவுதான் சொன்னான். விவாகரத்துக்கு அதுவும் ஒரு காரணம் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். நான் சொல்லவில்லை.

பிரிந்த பிறகு, பழைய உதிரி பாகங்களைச் சேர்த்து அவளுக்கென்று ஒரு கணினி தேற்றிக்கொண்டாள். அப்போதுதான் பெரிய குவிமாடத்தை ஆரம்பித்தாள். பேட்டைக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து விளையாடுகிற அந்தக் கட்டை உலகத்தின் நடுவில் ஒரு பொட்டல் வெளி. அங்கே சும்மா எதுவும் கிடைக்காது. ஆற்றோரம் களிமண் தோண்டி, சூளையில் சுட்டுத்தான் கட்டையாக்க வேண்டும். மருந்துக்கடையில் வேலை பார்க்கிற யோர்தான்கா, அவளுக்கு இளையவள், தோழி. அவள் சூளையைப் பார்த்துக்கொண்டாள். சைக்கிள் டாக்ஸி ஓட்டுகிற ஃபிலிபெர்த்தோ, சவாரி இல்லாத மதியங்களில் களிமண் தோண்டிக் கொடுத்தான். ஏழெட்டு மாதம் ஆயிற்று. படிக்கட்டுக் கட்டைகளையும் பாதிக் கட்டைகளையும் விளிம்புகளில் செருகிச் செருகி முனைகளை மழுக்கினாள். முடித்தபோது அது சதுரக் கட்டையில் கட்டியது என்று சத்தியம் செய்தாலும் நம்ப முடியாது.

"இது என்னதும்மா? என்ன கட்டடம்?" என்று கேட்டார்கள்.

"ஒன்னுமில்ல. உருண்டை" என்றாள்.

ஜனங்கள் சும்மா விடுவார்களா? விளையாட்டுக்குள் மழை பெய்தால் அதற்குள் ஒதுங்கினார்கள். பண்டமாற்றுச் சந்தை போட்டார்கள். பக்கத்துத் தெருவில் ஒரு ஜோடி விளையாட்டுக் கல்யாணமே அதற்குள்தான் செய்துகொண்டது. மற்றப் பேட்டைக்காரர்கள் பார்க்க வந்தார்கள். "எந்தப் பேட்டை?" என்று கேட்டால் "அந்தக் குவிமாடத்துக்காரி பேட்டை" என்று சொல்லத் தொடங்கினார்கள். அதுவரை அது ஒஸ்வானி பேட்டை.

ஒரு செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து வந்து கணினியைப் போட்டாள். குவிமாடம் இல்லை. பொட்டல் வெளி இருந்தது. அதன்மேல் புல்கூட இல்லை, வெறும் மண். நடுவில் யாரோ ஒருவரின் ஆடு நின்றுகொண்டிருந்தது.

திரையில்தான் கோளாறு என்று முதலில் நினைத்தாள். அணைத்துவிட்டு மறுபடி போட்டாள். ஆடு இப்போது உட்கார்ந்திருந்தது.

எழுந்து போய்ப் பலகைத் தடுப்பின் முன் நின்றாள்.

"ஒஸ்வானி."

"ம்."

"என் கட்டடம் எங்க?"

அந்தப் பக்கம் நாற்காலி கிறீச்சிட்டது. "மிக்தா, மொதல்ல நான் சொல்றதக் கேளு. நகரத்து ஆளுங்ககிட்டேருந்து எச்சரிக்கை வந்துச்சு. உள்ள எவளோ மாதாவுக்கு மஞ்சப் பூ வெச்சிருக்கா. மதச் சின்னம்னு புகார். இன்னொரு தடவைன்னா இணைப்பையே புடுங்கிடுவாங்க."

"பூ வெச்சா பூவ எடுக்க வேண்டியதுதான?"

"இன்னிக்குப் பூவ எடுத்தா நாளைக்கு எவளாவது மெழுகுவத்தி கொண்டாருவா. அந்த உருண்டையப் பாத்தாலே கோயில் மாதிரி இருக்கு. அதாம் பிரச்சினையே."

"கோயில் மாதிரியா? ஒன் வாய்க்குள்ளயும் அதே மாதிரிதான் இருக்கு. நாக்க மேல வெச்சுத் தடவிப் பாரு. அதையும் இடிச்சிடுவியா?"

"இப்பிடிப் பேசினா எப்பிடி?"

"வேற எப்பிடிப் பேசணும்? எத்தன நேரம் புடிச்சுது இடிக்க?"

அந்தப் பக்கம் விசைப்பலகையைத் தட்டுகிற சத்தம் கேட்டது.

"கேக்கறேன்ல? எத்தன நேரம்?"

"ஒரு வரி... ஒரு வரிக் கட்டளைதான்."

"ஒரு வரி." பலகையில் உள்ளங்கையால் அறைந்தாள். ஆணி ஒன்று தெறித்தது. "இந்தப் பக்கம்தானடா இருக்கேன்? நீ தும்முறது எனக்குக் கேக்குது. நீ முட்டை பொரிக்கிறது கேக்குது. ஒரு தட்டுத் தட்டி, 'மிக்தா, இப்பிடி ஒரு சிக்கல்'னு சொல்ல ஒனக்குக் கை இல்லயா? நான் வேலைக்குப் போற வரைக்கும் காத்திருந்தில்ல நீ?"

"கத்தாத. கட்டடத்தோட போன வாரத்து நகல் ஒன்னு எடுத்து வெச்சிருக்கேன். திருப்பிப் போட்டுத் தர்றேன், போதுமா? மேல் பாதிய மட்டும் சீவிடலாம். தட்டையா விட்டுட்டா விளையாட்டு மைதானம்னு சொல்லிக்கலாம்."

அவள் அப்படியே நின்றாள். நகல் இருப்பது தெரிந்ததும் கோபம் தணிந்திருக்க வேண்டும். அதுதான் இல்லை. நகல் எடுத்து வைக்க இவனுக்கு நேரம் இருந்திருக்கிறது, யோசிக்க நேரம் இருந்திருக்கிறது, தட்டிச் சொல்ல மட்டும் நேரமில்லை. பயத்தில் இடித்தவன் பூவோடு நிறுத்தியிருப்பான். இவன் இடித்தது அந்தப் பெயருக்காக. குவிமாடத்துக்காரி பேட்டை என்கிற பெயருக்காக.

"மைதானமா?" என்றாள். குரல் தணிந்திருந்தது. அவளை அறிந்தவர்கள் அதற்குத்தான் பயப்படுவார்கள். "நகல நீயே வெச்சுக்க. நீ எச்சில் பண்ணின சோறு எனக்கு வேணாம்."

குறடு ஒன்றை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். கம்பியை வெட்டவில்லை. வெட்டினால் அந்த மாதிரிக் கம்பிக்கு எங்கே போவது? அந்த அறிவு அவளுக்குக் கோபத்திலும் உண்டு. திருகாணியைக் கழற்றி, கம்பியை உருவி, வளையமாகச் சுற்றித் தோளில் மாட்டிக்கொண்டு தண்ணீர்த் தொட்டியின் மேல் உட்கார்ந்தாள். சூரியன் இன்னும் இறங்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. முதலில் எதிர்வீட்டு நியேவெஸ் கிழவி, பின்னால் மற்றவர்கள்.

"அடி மகளே, எறங்கி வாடி! என் தொடர் பாதியில நிக்குது. அந்தப் பொண்ணு மாடிப்படியிலேருந்து விழுந்துட்டா, பொழச்சாளா இல்லயான்னே தெரியல!"

"பொழச்சிருவா. நாளைக்குப் பாருங்க."

"ஒரு பொம்ம வீட்டுக்காக ஊரையே பட்டினி போடுவியா? என்ன பொம்பள நீ?"

மிக்தாலியா எழுந்து கைப்பிடிச் சுவரருகே வந்தாள். "நியேவெஸ், வேற யாரு வேணாப் பேசட்டும், நீங்க பேசாதீங்க. என்னைத் திட்டுற அந்தப் பல்லு நான் கட்டினது. ரெண்டு தடவ அச்செடுத்தேன். சாமான் வரலன்னு நாயா அலைஞ்சு, ஒங்க வாய்க்கு வலிக்காம தேச்சுத் தேச்சுக் குடுத்தேன். நீங்க தூங்கறப்ப ஒருத்தன் வந்து அதக் கழட்டி, 'பாக்கக் குதிரைப் பல்லு மாதிரி இருக்கு, தெருவுக்கே அவமானம்'னு ஒடைச்சுப் போட்டா, 'பொம்மப் பல்லுதான'ன்னு சும்மா இருப்பீங்களா?"

நியேவெஸ் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

ஃபிலிபெர்த்தோ சைக்கிள் டாக்ஸியை விட்டு இறங்காமலே, "களிமண்ணுல பாதி நான் தோண்டினது. என்னையும்தான் யாரும் கேக்கல" என்றான்.

ஒஸ்வானி வாசலுக்கு வந்தான். "ஓஹோ, எல்லாரும் இவ பக்கமா? நல்லது. நாளைக்கு இணைப்பு போச்சுன்னா எங்கிட்ட வராதீங்க. பூ வெச்ச மகராசி யாருன்னு தேடிப் போய்க் கேளுங்க."

"நாந்தான் வெச்சேன்" என்றாள் யோர்தான்கா.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் மருந்துக்கடை வெள்ளைச் சட்டையோடே வந்திருந்தாள். "என் தம்பி படகேறிக் கடல் வழியா நாட்ட விட்டுப் போயிருந்தான். ரெண்டு வாரமாச் சேதி இல்ல. வீட்டுல வெச்சா நான் பயப்படறது அம்மாவுக்குத் தெரிஞ்சிரும். அதான் அங்க வெச்சேன். மேல அண்ணாந்து பாத்தா... அங்கதான் வெக்கணும்போல இருந்துச்சு."

 அப்படிக் கடல் தாண்டிப் போனவர்கள் எல்லா வீட்டிலும் இருந்தார்கள்.

"சேதி வந்துச்சா?" என்று மாடியிலிருந்து மிக்தாலியா கேட்டாள்.

"போன சனிக்கெழம வந்துச்சு. போய்ச் சேந்துட்டான்."

"எங்கிட்ட ஏண்டி சொல்லல?"

"நீ திட்டுவன்னு பயம்."

மிக்தாலியாவுக்கு அது பட்டது. "திட்டியிருப்பேன்" என்றாள் மெதுவாக. "ஆனா வெக்க விட்டிருப்பேன்." பிறகு குரலை உயர்த்தி ஒஸ்வானி பக்கம் திரும்பினாள். "கேட்டியா? ஒரு பூவுக்குப் பின்னால என்ன இருக்குன்னு ஒனக்குத் தெரியுமா? ஒனக்கு எதுக்குத் தெரியணும், ஒனக்குத்தான் கட்டளை இருக்கே! சரி, இப்ப ஊர் முன்னால சொல்லு. உருண்டையா எதக் கட்டினா ஒன் சட்டத்துக்கு ஆகும்?"

கூட்டம் பார்ப்பதால் ஒஸ்வானிக்கு ரோஷம் வந்துவிட்டது. "தாழி கட்டு! நம்ம ஊர் தாழி! ஊருக்கே சின்னம், எந்தக் கொம்பன் கேப்பான்? ஆனா ஒன்னால முடியாது. குவிமாடம்னா உள்ளாற சுருக்கிக்கிட்டே போயிறலாம். தாழின்னா வயிறு வெளிய தள்ளும், அப்புறம் உள்ள இழுக்கும், அப்புறம் கழுத்து. சதுரக் கட்டையில அது நடக்காது."

எங்கள் ஊரில் முற்றம் இருந்தால் தாழி இருக்கும். மழைத்தண்ணீர் பிடிக்க அந்தக் காலத்தில் செய்த, ஆளையே விழுங்குகிற களிமண் தாழி, பாதி மண்ணில் புதைந்து வயிற்றைத் தள்ளிக்கொண்டு நிற்கும். மிக்தாலியா வீட்டு முற்றத்திலும் ஒன்று உண்டு. அவள் அதை ஒருதரம் எட்டிப் பார்த்தாள்.

"நான் கட்டறதுல இனிமே கைய வெக்க மாட்டேன்னு எல்லார் முன்னாலயும் சொல்லு. அப்பத்தான் கம்பி."

தெரு முழுக்க அவனையே பார்த்தது. நியேவெஸ், "சொல்லித் தொலைடா, அந்தப் பொண்ணு படிக்கட்டுல கெடக்கா" என்றாள். சொன்னான். அவள் கம்பியை மாட்டினாள்.

தாழியை அவள் ஆசைப்பட்டுக் கட்டவில்லை. கோபத்தில் கட்டினாள். தினமும் வேலையிலிருந்து வந்து, பயறும் சோறும் வாயில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் பல்லைக் கடித்துக்கொண்டுதான் கட்டுவாள். ஒஸ்வானி சொன்னதில் ஒன்று உண்மை: அது கடினம். கீழே சிறிய வட்டத்தில் தொடங்கி ஒவ்வொரு வரிசைக்கும் வெளியே நீட்ட வேண்டும். நிற்க இடமிருக்காது, சாரம் கட்டிக்கொண்டு அந்தரத்தில் வேலை. முதலில் வந்தது வெங்காயம். அவளே இடித்தாள். இரண்டாவது வந்தது முட்டை. அதையும் இடித்தாள். "இதுக்கு அவனே தேவலாம் போலிருக்கே, நீ அவனவிட ஜாஸ்தி இடிக்கிற" என்று ஃபிலிபெர்த்தோ வாய் தவறிச் சொல்லிவிட்டு ஒரு வாரம் அந்தப் பக்கம் வரவில்லை.

தோள்பட்டையில்தான் தாழி தாழியாகிறது. வயிறு முடிந்து கழுத்து தொடங்குகிற இடத்தில் வளைவு திசை மாற வேண்டும். குமிழ் எங்கே முடிந்து குழிவு எங்கே தொடங்குகிறது என்று கண்ணுக்குத் தெரியக் கூடாது. பல்செட்டில் ஈறு பல்லோடு சேருகிற இடம் மாதிரி. அங்கே முழுக் கட்டையை விட்டுவிட்டுப் பாதிக் கட்டைகளால் வரிசையைப் பிரித்து, ஒரு வரிசையை இரண்டாக்கித் திருப்பினாள். யோர்தான்கா சூளையை அணைக்கவே இல்லை. தன் பேத்தியிடம் கேட்டுக்கேட்டு நியேவெஸ் கிழவியும் ஒரு கூடை களிமண் தோண்டிக் கொடுத்தாள். தவறான நிறத்தில்.

முடிந்தபோது மழைக்காலம் வந்துவிட்டது. வெளியே பார்த்தால் தாழி. பக்கத்தில் வெட்டிய படிகள் வழியாக உள்ளே இறங்கி அண்ணாந்து பார்த்தால்? பழையதைவிடப் பெரிய குவிமாடம். உச்சியில் தாழியின் வாய் திறந்திருக்க, வெளிச்சம் ஒரு தூண் மாதிரி இறங்கியது. நகரத்துச் சட்டத்தில் அதற்கு எதிராக ஒரு வரி கிடையாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மற்றப் பேட்டை அட்மின்கள் கூட்டமாக அதைப் பார்க்க வந்தார்கள். வந்தது விளையாட்டுக்குள்தான், பேச்சு ஒஸ்வானியின் ஒலிபெருக்கியில் கேட்டது. மிக்தாலியா பலகைக்கு இந்தப் பக்கம் வாழைக்காய் பொரித்துக்கொண்டிருந்தாள்.

"அடேயப்பா, என்ன வேலைடா இது!" என்றது ஒரு குரல். "யார் போட்ட திட்டம்?"

"நாங்கதான்" என்றது ஒஸ்வானியின் குரல். "எங்க பேட்டையில எல்லாம் சேந்து செய்றதுதான். தாழி என் யோசனை. தோள்பட்டைக்குக் கணக்கு நான் போட்டுக் குடுத்தேன்."

மிக்தாலியா அடுப்பை அணைத்தாள். ரேஷனில் கிடைத்த ஒரு மாத எண்ணெய் அது, கருக விட முடியாது. செருப்பைப் போட்டுக்கொண்டாள். சந்து வழியாகத் தெருவுக்கு வந்தாள். முன்வாசல் வழியாக, பிரிந்த பிறகு முதல் தடவையாக, அவன் அறைக்குள் நுழைந்தாள்.

"எழுந்திரு" என்றாள்.

ஏன் எழுந்தான் என்று அவனுக்கே தெரியாது. எழுந்துவிட்டான். அவள் அவன் நாற்காலியில் உட்கார்ந்து ஒலிவாங்கியை இழுத்துக்கொண்டாள்.

"எல்லாருக்கும் மத்தியான வணக்கம். நான் மிக்தாலியா பேசறேன். இந்தத் தாழியக் கட்டினது நான். சூளை பாத்தது யோர்தான்கா. மண்ணு தோண்டினது ஃபிலிபெர்த்தோ. நியேவெஸ்கூட ஒரு கூடை தோண்டினாங்க. ஒஸ்வானி ஒன்னும் செய்யலன்னு சொல்ல மாட்டேன். அவனும் செஞ்சான். இதே எடத்துல நான் ஏழெட்டு மாசம் கட்டின குவிமாடத்த, நான் வேலைக்குப் போயிருந்தப்ப, ஒரே வரியில இடிச்சான். பேரு போடறதா இருந்தா அதையும் சேத்துப் போடுங்க. கட்டினவ மிக்தாலியா, இடிச்சவன் ஒஸ்வானி."

 ஒலிபெருக்கியில் ஒருவன் சிரித்தான். இன்னொருவன் அவனை அடக்கினான். மூன்றாவதாக ஒரு இளங்குரல், தயங்கித் தயங்கி, "அம்மா, தப்பா நெனைக்காதீங்க... அந்தத் தோள்பட்டைய எப்பிடித் திருப்பினீங்க?" என்று கேட்டது.

அவள் சொல்லத் தொடங்கினாள். கோபம் குறையாத அதே குரலில், வசவு மாதிரியே, பாதிக் கட்டையிலிருந்து ஒவ்வொன்றாகச் சொன்னாள். இடையில் எவனோ குறுக்கே பேச, "நான் முடிச்சப்புறம் பேசு" என்றாள். தன் அறையிலேயே உட்கார இடமில்லாமல் ஒஸ்வானி கதவோரம் நின்றுகொண்டிருந்தான்.

எங்கள் ஊரில் பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டால் தோலோடுதான் வரும். மறுநாளே ரொட்டி வரிசையில், "இடிச்சவனே, வரிசையில நீதான் கடைசியா?" என்று கேட்டார்கள். முடிவெட்டப் போனால், "இடிச்சவன் வந்தாச்சு, கண்ணாடியப் பத்திரமாப் பாத்துக்க" என்றார்கள். மழையில் பழைய சுவர் ஏதாவது விழுந்தால் அன்று அவன் வெளியே தலைகாட்ட முடியாது. பேட்டைக் கணினியை யோர்தான்கா வீட்டுக்கு மாற்றிவிடலாம் என்று ஜனங்கள் முடிவு செய்தபோது அவன் மறுப்புச் சொல்லவில்லை.

கொஞ்ச மாதம் கழித்து, தான் ஃப்ளோரிடாவுக்குப் போகப்போவதாக எல்லோரிடமும் சொல்லத் தொடங்கினான். நியேவெஸ் அழுதுவிட்டாள். "விசா எப்படா வந்துச்சு? அங்க என் மச்சினி மகன் இருக்கான், விலாசம் தரட்டா?" என்றாள். பிறகுதான் தெரிந்தது, அவன் போவது எங்கள் மாகாணத்திலேயே பேருந்தில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடுகிற ஃப்ளோரிடா என்கிற ஊருக்கு. அக்கா வீடு அங்கே. தெரு ஒரு வாரம் சிரித்தது. மிக்தாலியா சிரிக்கவில்லை.

ஃபிலிபெர்த்தோதான் அவனைப் பேருந்து நிலையத்தில் கொண்டுபோய் விட்டான். திரும்பி வந்தபோது மிக்தாலியா வாசலைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"ஏறிட்டானா?"

"ஏறிட்டான். ஏறறப்ப ஒன்னப் பத்தி ஒரு வார்த்த சொன்னான்."

"என்ன சொன்னான்?"

ஃபிலிபெர்த்தோ வியர்வையைத் துடைத்துக்கொண்டான். "அந்த மொதக் குவிமாடம் ரொம்ப நல்லா இருந்துச்சுன்னான். இடிக்கறதுக்கு முன்னால ரொம்ப நேரம் அதுக்குள்ள நின்னு அண்ணாந்து பாத்தானாம்."

மிக்தாலியா துடைப்பத்தைக் கீழே போட்டாள். முகம் சிவந்துவிட்டது. "பாத்தானா? நின்னு பாத்துட்டா இடிச்சான்? நல்லா இருக்குன்னு தெரிஞ்சா இடிச்சான்? அத எங்கிட்டச் சொல்ல இத்தன நாளா வாயி இல்லயா அவனுக்கு? பேருந்துல ஏறினப்புறம் ஒங்கிட்டதான் சொல்லணுமா?"

"நான் என்னக்கா பண்ணுவேன்?" என்று ஃபிலிபெர்த்தோ மெல்லச் சைக்கிளை நகர்த்தினான்.

அவள் உள்ளே போனாள். அன்று சாயந்திரம்வரை அந்த வீட்டில் சட்டிகள் ஒன்றோடொன்று மோதுகிற சத்தம் தெருக்கோடி வரைக்கும் கேட்டது.